ரிசீவர் ஆண்டெனா அறுந்துவிட்டதா? மாடல் விமானம் ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விமானம் தரையில் விழுந்ததும் நம் கண் முதலில் போவது இறக்கைக்கு. அப்புறம் ப்ரொப்பெல்லர், மோட்டார், இறக்கை வால் மடிப்புகளை அசைக்கும் சர்வோ. ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரை யாரும் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. விளக்கு எரிகிறது, சர்வோ அசைகிறது, அதனால் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அதிலிருந்து நீளும் மெல்லிய ஒயரின் நுனி அறுந்திருந்தால், அடுத்த முறை விமானம் தூரம் போகும்போதுதான் அது தெரியவரும். இன்னொரு பக்கம், ஆண்டெனா அறுந்த ஒரே காரணத்துக்காக நல்ல ரிசீவரைக் குப்பையில் போடுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே எனக்கு வருத்தம் தருகிற விஷயம். இதில் பெரும்பாலான உடைப்புகளை ஒரு பிளேடும் ஸ்கேலும் இருந்தாலே வீட்டில் சரிசெய்துவிடலாம். பறக்கும் இடத்தில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் ரிசீவரைப் பற்றித்தான் பேசுகிறேன்.

ரிசீவரிலிருந்து வரும் ஒயர் முழுவதுமே ஆண்டெனாதானா?

இல்லை. இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாமே எளிது. ரிசீவரிலிருந்து 10, 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு வருவது கோஆக்சியல் கேபிள். வீட்டு டிவிக்கு வரும் கேபிளின் குட்டி வடிவம் அது. நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி வெள்ளை நிற இன்சுலேஷன், அதற்கு மேல் மெல்லிய கம்பிகளால் பின்னிய வலை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு உறை. அந்த வலைதான் கவசம். கவசம் இருக்கும் வரை கேபிள் சிக்னலைப் பிடிக்காது, பிடித்ததைக் கடத்த மட்டும்தான் செய்யும்.

நுனியில் சுமார் 3 சென்டிமீட்டருக்கு, பொதுவாக 31 மில்லிமீட்டருக்கு, உறையும் வலையும் உரிக்கப்பட்டு, ஒயர் மெலிந்து தெரியும். அந்தப் பகுதிதான் ஆண்டெனா. அது அறுந்தால்தான் ஆண்டெனா அறுந்ததாக அர்த்தம். அதற்கு முன்னால் கேபிள் அறுந்தாலும், ரிசீவர் பக்கம் போதிய நீளம் மிச்சமிருந்தால் நுனியில் புதிதாக ஒரு ஆண்டெனாவை உருவாக்கிக்கொள்ளலாம்.

அந்த 31 மில்லிமீட்டர் கணக்கு எங்கிருந்து வந்தது?

ரேடியோ அலை ஒரு நொடியில் 30 கோடி மீட்டர் போகிறது. அதை அலைவெண்ணால் வகுத்தால் அலைநீளம் வரும். மெகாஹெர்ட்ஸில் சொன்னால், 300-ஐ 2440-ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது 0.123 மீட்டர், அதாவது 123 மிமீ. அதில் கால் பங்கு ஏறக்குறைய 31 மிமீ. கால் அலை நீளமுள்ள கம்பி அந்த அலைக்கு நன்றாக ஒத்திசையும் என்பதால்தான் இந்த அளவு.

நாம் பயன்படுத்தும் பட்டை 2400-இல் தொடங்கி 2483.5 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. கால் அலை ஒரு முனையில் 31.2 மிமீ, மறுமுனையில் 30.2 மிமீ. ரிசீவர் இந்தப் பட்டைக்குள் நொடிக்குப் பல முறை தாவிக்கொண்டே இருக்கிறது. அதனால் உங்கள் அளவு அரை மில்லிமீட்டர் இப்படியோ அப்படியோ இருந்தால் கவலைப்பட வேண்டாம். ஆனால் 20 மிமீ மட்டும் மிச்சமிருக்கிறது என்றால் அது வேறு கதை.

ஒரு எச்சரிக்கை. எல்லா நிறுவனங்களும் 31 வைப்பதில்லை. கம்பியின் மேல் இன்சுலேஷன் இருந்தால் தேவையான நீளம் கொஞ்சம் குறையும். ஆண்டெனாவை ரிசீவரோடு மின்முறையில் இசைவாக்க போர்டில் உள்ள பொருத்தச் சுற்றைப் பொறுத்தும் அளவு மாறும். 26 மிமீ அளவில் வரும் ரிசீவர்களும் உண்டு. எனவே இரண்டு ஆண்டெனா உள்ள ரிசீவரில் ஒன்று அறுந்திருந்தால், முதலில் அறுபடாத மற்றொன்றை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். அதுதான் உங்கள் ரிசீவருக்குச் சரியான அளவு. அளந்து பார்க்க ஒன்றும் மிச்சமில்லை என்றால் மட்டும் 31 வைத்துக்கொள்ளலாம்.

நுனி மட்டும் ஒரு சென்டிமீட்டர் போயிருக்கிறது. என்ன செய்ய?

இதுதான் அதிகம் நடப்பது, இதுதான் மிகச் சுலபமும்கூட. ஈயம் தேவையில்லை, சால்டரிங் அயர்ன் தேவையில்லை. நுனியில் 10 மிமீ குறைந்திருந்தால், கேபிளின் உறையையும் வலையையும் இன்னொரு 10 மிமீ பின்னால் உரித்துவிட வேண்டியதுதான். மெல்லிய பகுதி மறுபடியும் 31 மிமீ ஆகிவிடும். கேபிள் மொத்தத்தில் ஒரு சென்டிமீட்டர் குட்டையாகும், அவ்வளவுதான்.

கேபிள் நடுவிலேயே துண்டாகிவிட்டது. அதற்கும் இதே வழியா?

ஆமாம், ரிசீவர் பக்கம் 6, 7 சென்டிமீட்டராவது மிச்சமிருந்தால் இதே வழிதான். அறுந்த துண்டை மறந்துவிடுங்கள். மிச்சமிருக்கும் கேபிளின் நுனியை ஆண்டெனாவாக மாற்றுங்கள். அவசரமில்லாத நேரத்தில், நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து செய்யுங்கள்.

முதலில் நசுங்கிப்போன நுனியைக் கூர்மையான கட்டரால் நேராக வெட்டிவிடுங்கள். நுனியிலிருந்து 33 மிமீ அளந்து பேனாவால் குறி போடுங்கள். குறி போட்ட இடத்தில் புது பிளேடை வைத்து, கேபிளை மேசை மேல் மெதுவாக உருட்டுங்கள். அழுத்தக் கூடாது. பிளேடின் எடையே போதும் என்கிற அளவுக்குத்தான் கை இருக்க வேண்டும். உறையில் ஒரு கீறல் வட்டம் விழுந்ததும் அந்த இடத்தில் கேபிளை லேசாக வளைத்தால் உறை தானாகப் பிரியும். நகத்தால் பிடித்து நுனிப் பக்கமாக இழுத்தால் சட்டை கழற்றுவது போல வந்துவிடும்.

இப்போது பின்னல் வலை தெரியும். அதை இழுக்காதீர்கள். நுனியிலிருந்து பின்பக்கமாகத் தள்ளினால் வலை உப்பிக்கொண்டு தளரும். தளர்ந்த வலையை ஒரு ஊசியால் பிரித்து, உறை முடியும் இடத்தோடு சிறு கத்தரியால் சுற்றிலும் வெட்டுங்கள். இங்கேதான் பொறுமை வேண்டும். ஒரே ஒரு தலைமுடி கனமுள்ள கம்பி முன்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாலும் அது ஆண்டெனாவின் மேல் படிந்து அதன் நீளத்தைக் கெடுக்கும். லென்ஸ் இருந்தால் வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் மொபைல் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். அது நன்றாகவே வேலை செய்கிறது.

உள்ளே இருக்கும் வெள்ளை இன்சுலேஷனை உரிக்க வேண்டாம். அது கம்பிக்குப் பலம் தருகிறது, வேறு எதிலும் படாமலும் காக்கிறது. அதில் பிளேடு கீறல் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆழமாகக் கீறியிருந்தால் அந்த இடத்தில் கம்பி பிறகு ஒடியும், அதனால் மறுபடி வெட்டி முதலிலிருந்து தொடங்குவதே நல்லது. கடைசியாக, வலை முடியும் இடத்திலிருந்து அளந்து 31 மிமீ இருக்கும்படி நுனியை வெட்டிவிடுங்கள். உறையும் மெல்லிய பகுதியும் சேரும் தோள்பட்டையில் ஒரு சென்டிமீட்டர் ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் (சூட்டில் சுருங்கும் குழல்) போட்டுச் சூடு காட்டினால் வேலை முடிந்தது. ஒயர் ஒடிவது எப்போதும் அந்தத் தோள்பட்டையில்தான்.

அறுந்த இரண்டு துண்டையும் முறுக்கி ஒட்டிவிட்டால் என்ன?

வேண்டாம். பேட்டரி ஒயருக்கு அது சரி, இதற்கு ஒத்துவராது. கோஆக்சியல் கேபிளில் நடுக் கம்பிக்கும் வலைக்கும் இடையே உள்ள இடைவெளியை வைத்துத்தான் 50 ஓம் என்ற அதன் மின் குணம் அமைகிறது. முறுக்கி ஒட்டிய இடத்தில் அந்த இடைவெளி குலைந்துவிடும். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் அந்த ஒரு சென்டிமீட்டர் குலைவே போதும், சிக்னலில் ஒரு பகுதி திரும்பிப் போய்விடும். வலையை இணைக்காமல் நடுக் கம்பியை மட்டும் இணைத்தால் இன்னும் மோசம். மல்ட்டிமீட்டர் எல்லாம் சரி என்று சொல்லும், ஆனால் விமானம் சொல்லாது.

கேபிள் குட்டையாவதால் ரேஞ்ச் குறையாதா?

கேபிளின் நீளத்தால் ரேஞ்ச் குறைவதில்லை. சொல்லப்போனால் கேபிள் குறைந்தால் இழப்பும் ஒரு துளி குறையும். இந்த மெல்லிய கேபிள்களில் 15 சென்டிமீட்டருக்கு இழப்பு சுமார் அரை டெசிபல்தான் (டெசிபல் என்பது சிக்னல் எவ்வளவு குறைகிறது என்று அளக்கும் அலகு), எனவே இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசமில்லை. குட்டையாவதில் உண்மையான சிக்கல் இடம்தான். ஆண்டெனா நுனி பேட்டரியிலிருந்தும், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சியிலிருந்தும் தள்ளியிருக்க வேண்டும், இரண்டு ஆண்டெனாக்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்க வேண்டும். அதற்குக் கேபிள் எட்டவில்லை என்றால் ரிசீவரை விமானத்துக்குள் வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். அதுவும் முடியாவிட்டால் கேபிளை மாற்றுங்கள்.

ரிசீவருக்குள் இருக்கும் குட்டி கனெக்டர் கழன்றுவிட்டது. அமுக்கினால் போதுமா?

பல நேரம் போதும். பொத்தான் போல இருக்கும் அந்தக் கனெக்டருக்கு யு.எஃப்.எல் என்று பெயர், ஐபெக்ஸ் என்றும் சொல்வார்கள். சாக்கெட்டின் நேர் மேலே வைத்து, சாய்க்காமல் விரல் நகத்தால் அமுக்கினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அல்லது விரலில் அந்த உணர்வு தெரியும். சாய்த்து அமுக்கினால் நடு ஊசி வளைந்துவிடும். கழற்றும்போதும் கேபிளைப் பிடித்து இழுக்காமல், உலோக விளிம்புக்கு அடியில் மெல்லிய ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நேராக மேலே தூக்குங்கள்.

இந்தக் கனெக்டர் 30 முறை மாட்டிக் கழற்றுவதற்கு என்று வடிவமைக்கப்பட்டது. அடிக்கடி கழற்றிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பிடி தளர்ந்த கனெக்டர் தரையில் நன்றாக இருக்கும், மோட்டார் அதிர்வில் விட்டு விட்டுத் தொடர்பு கொடுக்கும். மாட்டிய பிறகு பக்கவாட்டில் ஒரு சொட்டு ஹாட் க்ளூ வைத்துவிட்டால் அதிர்வில் கழலாது. சூப்பர் க்ளூ வேண்டாம், அது உள்ளே வழிந்து தொடர்பையே மறைத்துவிடும்.

சாக்கெட்டே போர்டிலிருந்து பெயர்ந்து வந்துவிட்டது. இனி வழியில்லையா?

வழி உண்டு, ஆனால் கை பழகியவர்களுக்கு மட்டும். சாக்கெட் இருந்த இடத்தில் பக்கவாட்டில் இரண்டு பெரிய பேடுகள் (ஈயம் வைக்கும் உலோகத் திட்டுகள்) தெரியும், அவை கிரவுண்ட். ஒரு சிறிய பேட் தெரியும், அது சிக்னல். கேபிளின் நடுக் கம்பியை 2 மிமீ மட்டும் உரித்துச் சிறிய பேடிலும், வலையைச் சேர்த்து முறுக்கிப் பெரிய பேடிலும் பற்றவைக்க வேண்டும். ஊசி முனை உள்ள அயர்ன், 350 டிகிரி வாக்கில் சூடு, அரை மில்லிமீட்டர் ஈயம், ஈயம் நன்றாக ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் கொஞ்சம். கம்பியிலும் பேடிலும் முதலிலேயே தனித்தனியாக ஈயம் பூசிவிட்டு, அப்புறம் இரண்டையும் சேர்த்து ஒன்று, இரண்டு விநாடி மட்டும் சூடு காட்டுங்கள். பக்கத்திலேயே எறும்பை விடச் சிறிய கெப்பாசிட்டர்கள் இருக்கும். அவை பொருத்தச் சுற்றின் பாகங்கள், அவற்றில் ஒன்று நகர்ந்தாலும் ரேஞ்ச் போய்விடும்.

பற்றவைத்த இடத்துக்கு இழுவிசை போகாதபடி கேபிளைப் போர்டின் ஓரத்தில் பசையால் ஒட்டிவிடுங்கள். சிறிய பேடே செம்போடு உரிந்து போயிருந்தால், அந்த ரிசீவரை மேசை மேல் சர்வோ சோதிக்க வைத்துக்கொள்ளுங்கள். பறக்க வேண்டாம்.

மாற்றுக் கேபிள் எங்கே கிடைக்கும், என்ன சொல்லிக் கேட்பது?

எலக்ட்ரானிக்ஸ் பாகங்கள் விற்கும் கடைகளில் 'யு.எஃப்.எல் பிக்டெயில்' (முனையில் அந்தக் கனெக்டர் உள்ள குட்டைக் கேபிள்) என்று கேளுங்கள். சென்னையில் என்றால் ரிச்சி தெருவில் தேடலாம், மற்ற ஊர்களில் ஆன்லைனில் வாங்குவதே சுலபம். கனம் 1.13 மிமீ உள்ள கேபிளும், 1.8 மிமீ உள்ள ஆர்ஜி 178 கேபிளும் இதற்குப் பொருந்தும். இரண்டிலும் உள் இன்சுலேஷன் சூடு தாங்கும் வகை. ஆர்ஜி 174 என்று தடித்த கேபிளைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதன் உள்ளே இருப்பது பாலிதீன், அயர்ன் பட்டதும் உருகிவிடும்.

என் பங்குக்கு ஒரு பரிந்துரை. பழைய லேப்டாப் இருந்தால் அதன் திரையைச் சுற்றி வைஃபை ஆண்டெனாவுக்கான கேபிள் ஓடும். அதுவும் 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்கான 50 ஓம் கேபிள்தான், பழைய மாடல்களில் கனெக்டரும் இதே யு.எஃப்.எல்தான். ஆண்டெனா தகட்டின் பக்கம் வெட்டிவிட்டு, அந்த நுனியில் 31 மிமீ உரித்தால் தரமான ரிசீவர் ஆண்டெனா தயார். புதிய லேப்டாப்களில் வரும் கனெக்டர் இன்னும் சிறியது, பொருந்தாது. அதை இதன் மேல் வைத்து அமுக்கிப் பார்க்காதீர்கள்.

கேபிளே இல்லாமல் வெறும் ஒயர் 31 மிமீ வெட்டிப் பற்றவைக்கலாமா?

வேலை செய்யும். சின்ன ரிசீவர்கள் பலவற்றில் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் இருக்கும். ஆனால் அப்போது ஆண்டெனா ரிசீவரை ஒட்டியே, சர்வோ ஒயர்களின் கூட்டத்துக்குள் மாட்டிக்கொள்ளும். மைதானத்துக்குள் 50 மீட்டரில் சுற்றும் தெர்மாகோல் விமானத்துக்குச் சரி. தூரம் போகும் கிளைடருக்கு வேண்டாம்.

இரண்டு ஆண்டெனாவில் ஒன்று அறுந்த பிறகும் நன்றாகத்தானே பறக்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் கொஞ்சம் நீட்டிப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் விமானங்கள் விழுவது இந்த நம்பிக்கையில்தான்.

நேர்க்கம்பி ஆண்டெனா எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கேட்காது. அதன் பக்கவாட்டில் நன்றாகக் கேட்கும், நுனி சுட்டிக்காட்டும் திசையில் கிட்டத்தட்டச் செவிடு. தரையில் நிற்கும் விமானம் ஒரே நிலையில் இருக்கிறது. வானத்தில் அது திரும்புகிறது, சாய்கிறது, புரள்கிறது. எப்போதாவது ஒரு கணம் ஆண்டெனாவின் நுனி நேராக உங்களைப் பார்த்து நிற்கும். அந்தக் கணத்தில் காப்பாற்றத்தான் இரண்டாவது ஆண்டெனா குறுக்காக வைக்கப்பட்டிருக்கிறது. ஒன்று செவிடாகும்போது மற்றொன்று கேட்கும். ஒன்றை இழந்த ரிசீவர் பத்து முறை நன்றாகப் பறக்கும், பதினோராவது முறை அந்தக் கோணம் அமையும்.

நண்பர் ஒருவரின் ட்ரெய்னர் விமானத்துக்கு இதுதான் நடந்தது. கோடையில் வற்றிய ஏரியில் ஓட்டிக்கொண்டிருந்தோம். கிட்டே சுற்றும்போது எந்தக் குறையும் இல்லை. எதிர்க்கரைப் பக்கம் போய் இடதுபக்கம் சாய்ந்து திரும்பியபோது மோட்டார் நின்றது. சிக்னல் போனால் மோட்டாரை நிறுத்தும் ஃபெயில்சேஃப் வேலை செய்துவிட்டது என்று புரிவதற்குள் விமானம் சீமைக்கருவேலப் புதருக்குள் இறங்கிவிட்டது. எடுத்து வந்து பிரித்துப் பார்த்தால், ஒரு ஆண்டெனாவின் நுனி பேட்டரி மூடியின் விளிம்பில் சிக்கி முன்பே அறுந்திருக்கிறது. வெட்டுப்பட்ட இடம் பழையதாகக் கறுத்திருந்தது. எத்தனை நாளாக ஒற்றைக் காதோடு பறந்ததோ. அன்றைக்கு அந்தப் பக்கம் ஆள் யாரும் இல்லை. மாடு மேய்ப்பவர்கள் வழக்கமாக நடக்கும் பாதை அது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சிக்னல் 6 டெசிபல் குறைந்தால் எட்டும் தூரம் பாதியாகும். 20 டெசிபல் குறைந்தால் பத்தில் ஒன்றாகிவிடும். ஒரு கிலோமீட்டர் போகும் ரிசீவர் நூறு மீட்டரில் கைவிடும்.

எல்லா ஆண்டெனாவையும் இப்படி உரித்துச் சரிசெய்ய முடியுமா?

முடியாதவையும் உண்டு. சில ரிசீவர்களில் கேபிள் நுனியில் தட்டையான சிறு சர்க்யூட் போர்டு இருக்கும். அது விரிசல் விட்டால் முழுதாக மாற்றுவதுதான் வழி, பத்து நிமிட வேலை. இன்னொரு வகையில் மெல்லிய நுனிக்குச் சற்று முன்னால் கேபிள் தடித்து, உள்ளே ஒரு உலோகக் குழல் இருப்பது தெரியும். அது இருதுருவ ஆண்டெனா. குழலும் சேர்ந்துதான் வேலை செய்கிறது, அதனால் குழல் இருக்கும் பகுதியை உரிக்காதீர்கள். டி வடிவத்தில் இரண்டு கையோடு வரும் ஆண்டெனாவில் ஒரு கை ஒடிந்தாலும் புதிதாக வாங்கிவிடுவதே மேல். 868 மெகாஹெர்ட்ஸ் அருகே வேலை செய்யும் நீண்டதூர ரிசீவர்களுக்கு இந்த 31 கணக்கு பொருந்தவே பொருந்தாது. அங்கே கால் அலையே 86 மிமீ.

மல்ட்டிமீட்டரில் எப்படிச் சோதிப்பது?

கேபிளை ரிசீவரிலிருந்து கழற்றிவிட்டு, தொடர்பு பார்க்கும் நிலையில் மீட்டரை வையுங்கள். கனெக்டரின் நடுத் தொடர்பு முனைக்கும் ஆண்டெனா நுனியின் வெட்டு முகத்துக்கும் இடையே 'பீப்' வர வேண்டும். நடுத் தொடர்பு முனைக்கும் கனெக்டரின் வெளி வளையத்துக்கும் இடையே வரக் கூடாது. வந்தால் வலையின் ஒரு கம்பி நடுக் கம்பியைத் தொடுகிறது என்று அர்த்தம். கேபிளை அங்கங்கே லேசாக வளைத்துக்கொண்டே பாருங்கள், உறைக்குள் மறைந்திருக்கும் ஒடிவு அப்போதுதான் வெளிப்படும். இந்தச் சோதனை உரித்த நேர்க்கம்பி வகைக்கு மட்டும். சர்க்யூட் போர்டு வகை ஆண்டெனாக்களில் சில, நல்ல நிலையிலேயே இரண்டுக்கும் இடையே தொடர்பு காட்டும்.

என்னுடையது பழைய ரிசீவர், ஒரு மீட்டர் நீள ஒயர் தொங்குகிறது. அதை வெட்டி 31 மிமீ ஆக்கலாமா?

கூடவே கூடாது. அது 27, 35, 40 அல்லது 72 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர். 72 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 4 மீட்டருக்கும் மேல், கால் பங்கே ஒரு மீட்டர் வரும். மற்றவற்றில் கால் அலை இன்னும் நீளம், மிச்சத்தை ரிசீவருக்குள் உள்ள சுருள் ஈடுகட்டுகிறது. அந்த நீளத்துக்கு என்றே சுற்று அமைக்கப்பட்டிருப்பதால் வெட்டவும் கூடாது, சுருட்டி வைக்கவும் கூடாது. நல்ல செய்தி என்னவென்றால், இது சாதாரண ஒற்றை ஒயர். அறுந்த இடத்தில் இரண்டு முனையையும் சேர்த்து ஈயம் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டுவிடலாம். துண்டு தொலைந்துபோயிருந்தால் அதே கனமுள்ள பல இழை ஒயரில் பழைய மொத்த நீளம் வரும்படி சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரிசெய்த ஆண்டெனாவை விமானத்துக்குள் எப்படி வைப்பது?

இரண்டு நுனிகளும் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் இருக்க வேண்டும். ஒன்று உடலோடு நீளவாக்கில், மற்றொன்று குறுக்கே அல்லது நெட்டுக்குத்தாக. கார்பன் ஃபைபர் ஓட்டுக்குள் ஆண்டெனாவை வைப்பது தகரப் பெட்டிக்குள் வைப்பதற்குச் சமம், நுனி வெளியே வந்தாக வேண்டும். தெர்மாகோல், சன்போர்டு, பால்சா மரம், கண்ணாடி இழை ஆகியவை தடுக்காது. மெல்லிய பகுதியை நேராக வைக்க ஒரு ப்ளாஸ்டிக் குழலுக்குள் நுழைத்து, குழலை உடலில் ஒட்டுங்கள். நாம் குளிர்பானம் குடிக்கும் ஸ்ட்ராவே போதும். ஒயரை நேரடியாக டேப் போட்டு ஒட்டினால் அடுத்த முறை டேப்பை உரிக்கும்போது ஆண்டெனாவும் சேர்ந்து வரும். பேட்டரி வழுக்கிப் போய் மோதும் இடம், மூடி திறந்து மூடும் விளிம்பு, சர்வோ கை சுழலும் பாதை ஆகிய மூன்றையும் தவிருங்கள். நான் பார்த்த அறுந்த ஆண்டெனாக்களில் பெரும்பாலானவை விழுந்ததால் அறுந்தவை அல்ல, இந்த மூன்றில் ஒன்றால் அறுந்தவை.

பறப்பதற்கு முன் எப்படிச் சோதிப்பது?

ரேஞ்ச் டெஸ்ட் செய்யாமல் பறக்காதீர்கள். ஆண்டெனாவில் கை வைத்த பிறகு இதில் விதிவிலக்கே கிடையாது.

பெரும்பாலான ரிமோட்களில் ரேஞ்ச் செக் என்று ஒரு வசதி இருக்கும். அது ரிமோட்டின் சக்தியை வேண்டுமென்றே மிகவும் குறைத்துவிடும். அந்தக் குறைந்த சக்தியில் சுமார் 30 மீட்டர் வரை கட்டுப்பாடு தடையின்றி இருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான அளவு. உங்கள் ரிமோட்டின் கையேட்டில் வேறு தூரம் சொல்லியிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். விமானத்தைத் தரையில் வைக்காமல் ஒரு ப்ளாஸ்டிக் ஸ்டூல் மேல் வையுங்கள், அல்லது நண்பர் இடுப்பு உயரத்தில் பிடிக்கட்டும். நீங்கள் கட்டுப்பாடுகளை அசைத்துக்கொண்டே பின்னால் நடங்கள். 30 மீட்டரில் நின்றுகொண்டு, நண்பரை விமானத்தை எல்லாத் திசையிலும் திருப்பச் சொல்லுங்கள், மூக்கு உங்களைப் பார்க்க, வால் பார்க்க, இறக்கை நுனி பார்க்க, தலைகீழாக. எந்தக் கோணத்திலாவது சர்வோ நடுங்கினால் அல்லது நின்றால் வேலை இன்னும் முடியவில்லை.

கனெக்டர் வகை ரிசீவராக இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். நல்ல ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு, சரிசெய்த ஆண்டெனா மட்டும் இருக்க அதே சோதனையைச் செய்யுங்கள். அப்புறம் மாற்றிச் செய்யுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம் எட்டினால் உங்கள் கைவேலை சரி. டெலிமெட்ரி (விமானத்தின் தகவலை ரிமோட்டுக்குத் திருப்பி அனுப்பும் வசதி) உள்ள ரிசீவர் தானும் சிக்னல் அனுப்பும் என்பதால், ஆண்டெனாவே இல்லாமல் அதை ஆன் செய்து வைக்காதீர்கள். இந்தச் சோதனையையும் சில நிமிடங்களில் முடித்துவிடுங்கள்.

சிக்னலின் வலிமையைக் காட்டும் ஆர்எஸ்எஸ்ஐ எண் ரிமோட்டில் தெரிந்தால் வேலை இன்னும் சுலபம். ஃப்ரஸ்கை (FrSky) நிறுவன ரிசீவரை, ஓப்பன் டிஎக்ஸ் (OpenTX) மென்பொருள் உள்ள ரிமோட்டோடு வைத்திருப்பவர்களுக்கு முதல் எச்சரிக்கை 45-இலும் இரண்டாவது 42-இலும் வரும்படி அமைந்திருக்கும். ஒரே இடம், ஒரே தூரம், ஒரே கோணத்தில் என்ன எண் வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ரிசீவர் புதிதாக இருக்கும்போதே எழுதியிருந்தால், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

கடைசியில் ரேஞ்ச் செக்கை அணைத்துவிட்டு, ப்ரொப்பெல்லரை மாட்டி, நண்பர் பின்பக்கமிருந்து உறுதியாகப் பிடித்திருக்க, மோட்டாரை ஓட்டிப் பாருங்கள். அதிர்வில் தளரும் கனெக்டர் இங்கே மாட்டிக்கொள்ளும். ரிமோட்டை ஒரு முறை அணைத்து, ஃபெயில்சேஃப்பில் மோட்டார் நிற்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். முதல் இரண்டு பறத்தலைக் கிட்டத்திலேயே வைத்துக்கொண்டு, மூன்றாவதிலிருந்து தூரத்தைக் கூட்டலாம்.

எந்த நிலையில் ரிசீவரைக் கைவிடுவது?

ஆண்டெனா சரியாக இருந்தும் ரேஞ்ச் டெஸ்டில் தோற்றால். போர்டில் விரிசல் தெரிந்தால். உப்புத் தண்ணீரில் விழுந்திருந்தால். மற்றபடி, எடை அதிகமான விமானத்துக்கும் வேகமாகப் போகும் விமானத்துக்கும் நான் புது ரிசீவரையே போடுவேன். சரிசெய்தவை சின்னத் தெர்மாகோல் விமானங்களுக்குப் போகும். என் பெட்டியில் அப்படி நான்கு ரிசீவர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஆண்டெனா மாற்றிய தேதியையும் ரேஞ்ச் டெஸ்டில் எட்டிய தூரத்தையும் சிறு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.